உ.பி.யில் ஏன் இத்தனை குழந்தைகள் இறக்கின்றன? என் மாடலில் தாயின் படிப்பு காணாமல் போகிறது

சுபா_சோழவந்தான் (கேள்வி)

வணக்கம். எம்.எஸ்சி. புள்ளியியல் கடைசி ஆண்டு படிக்கிறேன். புராஜெக்டுக்கு ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இறப்பை எடுத்திருக்கிறேன். தரவு, 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வு, அதாவது என்.எஃப்.எச்.எஸ்.-5.

இந்தத் தலைப்புக்கு என்னை இழுத்தது அந்த அறிக்கையின் ஒரு அட்டவணை. உயிரோடு பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஐந்து வயதுக்குள் இறப்பவர்கள் உத்தரப் பிரதேசத்தில் 59.8, தமிழ்நாட்டில் 22.3, கேரளத்தில் 5.2. நாட்டுச் சராசரி 41.9. ஒரே அரசியல் சட்டம், ஏறக்குறைய ஒரே தடுப்பூசி அட்டவணை. ஆனால் உ.பி.க்கும் கேரளத்துக்கும் நடுவே பத்து மடங்குக்கு மேல் இடைவெளி! சரி, உ.பி.யையும் தமிழ்நாட்டையும் ஒப்பிடலாம் என்று இறங்கினேன்.

தாயின் படிப்பு, வயது, குடும்ப வசதி, முந்தைய பிரசவத்துக்கும் இதற்கும் உள்ள இடைவெளி, எத்தனையாவது குழந்தை, பிறப்பு எடை, பிரசவம் நடந்த இடம், கழிப்பறை, சமையல் எரிபொருள் ஆகியவற்றை எடுத்துக்கொண்டேன். ஒவ்வொன்றாகப் பார்த்தால் எல்லாமே இறப்போடு பலமாகச் சேர்ந்து நிற்கின்றன. எல்லாவற்றையும் ஒரே ரெக்ரஷன் மாடலில் (மற்றவற்றை நிலையாக வைத்து ஒவ்வொன்றின் பங்கையும் தனியாகப் பிரித்துப் பார்க்கும் கணக்கு) போட்டதும் குளறுபடி தொடங்குகிறது. தாயின் படிப்பு கரைந்தே போகிறது. கழிப்பறையும் அப்படித்தான். மருத்துவமனைப் பிரசவம் எந்தப் பாதுகாப்பும் தராதது போல, சில இடங்களில் ஆபத்து போலக்கூடத் தெரிகிறது. குறுகிய இடைவெளி மட்டும் அசையாமல் நிற்கிறது.

"சிக்னிஃபிகன்ட் ஆகாததைத் தூக்கிவிடு, மிச்சத்தை எழுது" என்கிறார் கைடு. தற்செயல் அல்ல என்று சொல்லும் அளவுக்குத் தெளிவாகத் தெரியாததை விட்டுவிடு என்கிறார். அப்படியானால் "தாயின் கல்வி ஒரு காரணி அல்ல" என்றல்லவா எழுத வேண்டியிருக்கும்? என் ஆச்சி ஏழு பெற்று மூன்றைப் பறிகொடுத்தவர். அம்மா பத்தாவது படித்தார், இரண்டு பெற்றார், இரண்டு பேரும் இருக்கிறோம். அந்த வாக்கியத்தை எழுத எனக்குக் கை வரவில்லை. நான் எங்கே தவறுகிறேன்?

---

எண்ணும்_எழுத்தும்

சுபா, எதையும் தூக்கிவிடாதீர்கள். தரவு சரி, மாடலிடம் கேட்ட கேள்விதான் கோணல்.

1984இல் ஹென்றி மோஸ்லி, லிங்கன் சென் என்ற இருவர் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. இந்தத் துறையில் எல்லோரும் அதிலிருந்துதான் தொடங்குவார்கள். அவர்கள் சொல்வது எளிமையானது. வறுமையோ படிப்பின்மையோ ஒரு குழந்தையை நேரடியாகக் கொல்வதில்லை. அவை ஐந்து வழிகளில்தான் குழந்தையை வந்து அடைகின்றன: தாய் எந்த வயதில், எத்தனை முறை, எவ்வளவு இடைவெளியில் கருவுற்றாள் என்பது, நீரும் காற்றும் மண்ணும் கெட்டிருப்பது, ஊட்டக் குறைவு, விபத்து, நோய் வராமல் காப்பதும் வந்தபின் பார்ப்பதும். படிப்பு, வருமானம், சாதி, ஊர் எல்லாம் மேலே இருக்கின்றன. இந்த ஐந்தும் கீழே, குழந்தைக்குப் பக்கத்தில்.

படித்த பெண் தாமதமாகக் கருவுறுகிறாள், இடைவெளி விடுகிறாள், எடை கூடிய குழந்தையைப் பெறுகிறாள். நீங்கள் அந்த மூன்றையும் மாடலில் நிறுத்திவிட்டுப் படிப்பு என்ன செய்தது என்று கேட்கிறீர்கள். குழாயை அடைத்துவிட்டுத் தொட்டியில் தண்ணீர் வரவில்லை என்று சொல்வது போல. முதலில் படிப்பு, வசதி, ஊர் மட்டும் வைத்து ஒரு மாடல் போடுங்கள். பிறகு நடுவில் உள்ளவற்றைச் சேர்த்து இன்னொன்று. முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குப் போகும்போது படிப்பின் எண் எவ்வளவு சுருங்குகிறதோ, அதுதான் உங்கள் புராஜெக்டின் சுவாரசியமே.

இன்னும் சில விஷயங்கள்.

இறப்பை வயதுவாரியாகப் பிரியுங்கள். முதல் 28 நாள் ஒரு உலகம், அதற்குப் பிறகு வேறு உலகம். உ.பி.யின் 59.8இல் 35.7 முதல் 28 நாளில் போனவை. தமிழ்நாட்டின் 22.3இல் 12.7. குறைமாதம், எடைக்குறைவு, மூச்சுத்திணறல், கிருமித்தொற்று எல்லாம் அங்கே. வயிற்றுப்போக்கும் நிமோனியாவும் தட்டம்மையும் பின்னால் வருபவை. கழிப்பறை பின்னதில்தான் பேசும். இரண்டையும் குழைத்தால் எதுவும் பேசாது.

அசையாமல் நிற்கிறது என்று சொன்ன அந்த இடைவெளியை அப்படியே நம்பிவிடவும் கூடாது. 24 மாதத்துக்குள் அடுத்தது பிறந்தால் ஆபத்து கூடும் என்பது பல நாடுகளில் திரும்பத் திரும்பக் கண்டது. தாயின் உடம்பு தேறியிருக்காது, மூத்தது பால் மறந்திருக்காது. ஆனால் காரணம் திரும்பியும் ஓடும். மூத்த குழந்தை இறந்தால் பால் கொடுப்பது நிற்கிறது, மாதவிலக்கு சீக்கிரம் திரும்புகிறது, இழந்ததை ஈடுகட்டும் ஆசையும் சேர்கிறது. ஆக அந்தக் குறுகிய இடைவெளியே ஒரு சாவின் விளைவாக இருக்கலாம். மூத்தது உயிரோடு இருந்ததா என்பதைத் தனி மாறியாகச் சேருங்கள். ஒரே வீட்டில் சாவுகள் குவிவதும் உண்டு. பஞ்சாப் கிராமங்களில் மோனிகா தாஸ் குப்தா என்ற ஆய்வாளர் இதைக் காட்டியிருக்கிறார். எனவே ஒரே தாயின் பிள்ளைகளைத் தனித்தனி ஆட்களாக எண்ணாதீர்கள்.

தமிழ்நாட்டு மாதிரியில் இறப்புகளின் எண்ணிக்கை சிறியதாகத்தான் இருக்கும். அங்கே ஒன்று சிக்னிஃபிகன்ட் ஆகவில்லை என்றால் விளைவு இல்லை என்று அர்த்தமல்ல.

---

நர்சம்மா_தர்மபுரி

சுபா கண்ணு, மாடல் கணக்கெல்லாம் எனக்குத் தெரியாது. தர்மபுரி மாவட்டத்தில் மலையடிவாரத்து ஊர்களில் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். என் மகள் இந்தத் திரியை அனுப்பி, "உன் சமாச்சாரம்தான் ஓடுது, பாரு" என்றாள்.

குழந்தை இறந்தால் நாங்கள் வீட்டுக்குப் போய் விசாரித்துப் படிவம் எழுத வேண்டும். காரணம் என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் நான் பலமுறை "நிமோனியா" என்று எழுதியிருக்கிறேன். பொய்யில்லை. ஆனால் அந்த ஒரு சொல்லுக்குள் என்னென்ன கிடந்தது என்று ஒரு வீட்டை வைத்துச் சொல்கிறேன்.

தாய்க்குப் பதினெட்டு, பத்தொன்பது வயசுதான். மூத்தது இன்னும் மார்பில் பால் குடிக்கிறது, அதற்குள் அடுத்தது. ரத்தம் குறைவு, இரும்புச்சத்து மாத்திரையைத் தின்றால் குழந்தை கறுத்துவிடும் என்று யாரோ சொல்லி அப்படியே வைத்துவிட்டாள். பிரசவம் அரசு மருத்துவமனையில்தான். குழந்தை இரண்டு கிலோவுக்குக் கீழே. அந்த எடைக்குக் குழந்தையைத் தாயின் நெஞ்சோடு தோலுக்குத் தோல் ஒட்டி வைத்துக் கதகதப்பாகக் காக்க வேண்டும், அடிக்கடி பால் பீய்ச்சிப் பாலாடையில் ஊட்ட வேண்டும். அதை யாரும் உட்கார்ந்து சொல்லித் தராமலே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டில் கிழவி காலை நீட்டி உட்கார்ந்து, காலில் குழந்தையைப் போட்டு எண்ணெய் தேய்த்துச் சுடுதண்ணீர் ஊற்றினாள். மூக்கில் வாயை வைத்து ஊதிச் சளி எடுத்தாள். மூக்கிலும் இரண்டு சொட்டு எண்ணெய். அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் அதுவே ஒரு நிமோனியா. அப்புறம் சாம்பிராணிப் புகை. மறுநாள் குழந்தை பால் இழுக்கவில்லை. "தொக்கம் விழுந்திருக்கு", அதாவது உள்ளே ஏதோ சிக்கியிருக்கு என்று சொல்லி, அதை எடுக்கக் கூட்டிப்போனார்கள். அப்பன்காரன் பெங்களூரில் கட்டட வேலை. அவன் போனில் சொன்னால்தான் மாமியார் அசைவாள். அவன் போன் எடுக்கவில்லை. 108ஐக் கூப்பிட்டபோது குழந்தை விறைத்துப்போய் இருந்தது.

இப்போது சொல்லு, உன் பட்டியலில் இது எந்தக் கட்டம்? தாய் வயசா, இடைவெளியா, எடையா, மருத்துவமனைப் பிரசவமா? அந்த வீட்டில் எல்லாமே ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக வந்தன. எந்த இடத்திலாவது யாராவது கையை நீட்டியிருந்தால் அடுத்தது வந்திருக்காது.

தாயின் படிப்பு பற்றிக் கேட்டாயே, அதில் எனக்கு உறுதியான அபிப்பிராயம் உண்டு. பள்ளிக்கூடத்தில் யாரும் குழந்தை வளர்ப்பு சொல்லித் தருவதில்லை. பத்தாவது படித்தவளுக்கும் தொக்கம் தெரியும், படிக்காதவளுக்கும் தெரியும். வித்தியாசம் வேறு இடத்தில். "பால் இழுக்கலேன்னா, மூச்சு வேகமா ஓடினா, நெஞ்சுக்குழி உள்ளே இழுத்தா, உடம்பு சில்லிட்டா உடனே கிளம்பு" என்று இரண்டு பேரிடமும் ஒரே மாதிரிதான் சொல்லுவேன். படித்தவள் மாமியாரிடம், "நர்சம்மா சொல்லிட்டாங்க, நான் போறேன்" என்று சொல்லிக் கிளம்பிவிடுவாள். தாய் சேய் நல அட்டையை எடுத்துக்கொண்டு போய் டாக்டர் முன்னால் நிற்பாள். "நாளைக்கு வா" என்றால் "இல்லைங்க, இப்பவே பாருங்க" என்பாள். மற்றவளுக்கும் விஷயம் தெரியும். கேட்டால் "அவர் வரட்டும்" என்பாள். அந்தக் காத்திருப்பில்தான் எத்தனையோ போயிருக்கிறது.

இன்னொன்று உன் தரவில் வருமா தெரியவில்லை. எங்கள் பக்கம் தலைப்பிரசவம் தாய்வீட்டில். பதிவு ஒரு செவிலியரிடம், பிரசவம் முடிந்து போய்ப் படுப்பது இன்னொருத்தி எல்லைக்குள். கர்ப்பிணியைப் பதியும்போது கொடுக்கும் பிக்மி எண் வந்தபிறகு பரவாயில்லை. அதற்கு முன்னால் அந்த முதல் வாரத்தில் குழந்தை இரண்டு பேர் பதிவேட்டிலும் இருக்காது. செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் கதி இன்னும் மோசம். ஆறு மாசம் கழித்து வந்து, "அங்கேயே போயிருச்சுங்க" என்பார்கள். எழுதக்கூட இடமிருக்காது.

வயிற்றுப்போக்கு முன்பு போல இப்போது கொல்வதில்லை. ஓ.ஆர்.எஸ். இல்லாத அங்கன்வாடி கிடையாது. ஆனாலும் ஒரு லிட்டர் பாக்கெட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக டம்ளரில் போட்டுக் கரைக்கிறவர்களை இன்றைக்கும் பார்க்கிறேன். உப்பு தூக்கிவிடும். முழுப் பாக்கெட்டையும் ஒரு லிட்டரில் ஒரே தடவையாகக் கரைக்க வேண்டும், 24 மணி நேரம் கழித்து மிச்சத்தைக் கொட்ட வேண்டும். துத்தநாக மாத்திரை 14 நாள். மூன்றாம் நாளே கழிச்சல் நின்றதும் மாத்திரையையும் நிறுத்திவிடுவார்கள். உச்சிக்குழி பள்ளம் விழுந்தால் நீர் வற்றிவிட்டது என்று அர்த்தம், அதற்கு உச்சியில் பற்றுப் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

பெண் குழந்தை விஷயத்தை நீ கேட்கவே இல்லை. சேலம், தர்மபுரி, உசிலம்பட்டிப் பக்கம் பெண் சிசுக் கொலை நடந்தது ஊருக்கே தெரியும். வேண்டாம் என்கிற பெண் குழந்தையை அரசின் தொட்டிலில் விட்டுப்போகும் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் வந்ததே அதனால்தான். பிறந்த புதிதில் ஆண் குழந்தைதான் எளிதில் போகும், உடற்கூறு அப்படி. பெண் அதிகம் போகிற இடத்தில் மனிதக் கை இருக்கிறது. பெரும்பாலும் கொலையில்லை, கவனிப்புக் குறைவுதான். பையனுக்குக் காய்ச்சல் என்றால் ஆட்டோ பிடிப்பார்கள், மூன்றாவது பெண்ணுக்குக் கைவைத்தியம். படிவத்தில் அதற்கும் ஒரு கட்டம் கிடையாது.

---

பரணி_குழந்தை_மருத்துவர்

நர்சம்மா எழுதியதற்கு மேல் எனக்குச் சொல்ல அதிகமில்லை. மருத்துவமனைப் பிரசவம் ஏன் பாதுகாப்பாகத் தெரியவில்லை என்ற கேள்விக்கு மட்டும் பதில்.

ஒன்று, சிக்கலான பிரசவங்கள் மருத்துவமனைக்குத்தான் வரும். வீட்டில் இழுபறியாகி, கடைசி நேரத்தில் தூக்கி வரப்படுபவர்களும் அந்தக் கணக்கில்தான் சேர்கிறார்கள். தலைப்பிரசவங்களும் இங்கே அதிகம். அதனால் மருத்துவமனையின் எண் கெட்டுத்தான் தெரியும்.

இரண்டு, கட்டடம் வேறு, சிகிச்சை வேறு. 2005இல் வந்த ஜனனி சுரக்ஷா திட்டம் பணம் கொடுத்துப் பெண்களை மருத்துவமனைக்குக் கொண்டுவந்தது. என்.எஃப்.எச்.எஸ்.-5இல் உ.பி.யின் மருத்துவமனைப் பிரசவம் 83.4 விழுக்காடு. ஆனால் பிறந்த குழந்தை இறப்பு இன்னும் 35.7. அது ஏறிய வேகத்தில் இது இறங்கவில்லை. பிறந்து மூச்சுவிடாத குழந்தைக்கு முதல் ஒரு நிமிடத்துக்குள் பையும் முகமூடியும் வைத்துக் காற்று கொடுக்கத் தெரிந்த ஒருவர் அந்த அறையில் இருக்கிறாரா, குழந்தையைச் சூடாக வைத்திருக்கும் வார்மர் வேலை செய்கிறதா, தாய் 48 மணி நேரம் தங்குகிறாரா, இல்லை நாலு மணி நேரத்தில் கிளம்பிவிடுகிறாரா? சர்வேயில் "பிரசவம் எங்கே" என்று ஒரே கேள்வி. அதே ஆய்வில் முதல் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் உ.பி.யில் ஏறக்குறைய நான்கில் ஒரு குழந்தைக்குத்தான் கிடைத்திருந்தது. மருத்துவமனையில் பிறந்தும்தான் இந்த நிலை.

எதிர்ப்பக்கமும் உண்டு. மகாராஷ்டிரத்தில் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் தம்பதியர் 1990களில் மருத்துவமனையே எட்டாத 39 கிராமங்களில் உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பிறந்த குழந்தையை வீடு தேடிப் போய் எடை போடுவது, கதகதப்பு காப்பது, தொற்று வந்தால் ஜென்டாமைசின் ஊசி போடுவது வரை. 1999இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான முடிவின்படி, மூன்றாம் ஆண்டில் பிறந்த குழந்தை இறப்பு ஒப்பீட்டுக் கிராமங்களோடு வைத்துப் பார்த்தால் 62 விழுக்காடு குறைந்தது. இன்று ஆஷா எனப்படும் ஊர்ச் சுகாதாரப் பணியாளர்கள் 3, 7, 14, 21, 28, 42ஆம் நாள் வீட்டுக்கு வருவது அதிலிருந்து வந்த வழக்கம்தான். உங்கள் தரவில் "பிறந்த இரண்டு நாளுக்குள் குழந்தையை யாராவது பரிசோதித்தார்களா" என்ற கேள்வி இருக்கும். ஆனால் முதல் நாளே இறந்த குழந்தைக்கு அந்தப் பரிசோதனைக்கு வாய்ப்பே இருந்திருக்காது, அதைக் கவனித்துப் பயன்படுத்துங்கள்.

---

சுபா_சோழவந்தான்

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. நர்சம்மா, உங்கள் பதிலை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "தொக்கம் எடுக்க உன்னையும் தூக்கிட்டுப் போனாங்கடி" என்கிறார்!

இரண்டு மாடலாகப் பிரித்துப் போட்டேன், வயதையும் பிரித்தேன். படிப்பு திரும்பி வந்துவிட்டது, அதிலும் ஒரு மாதத்துக்குப் பிந்தைய இறப்பில் பலமாக. கைடிடம் காட்டினேன். "ம்" என்றார். அவரைப் பொறுத்தவரை அது பெரிய பாராட்டு.

கழிப்பறை மட்டும் இன்னும் மந்தமாகவே இருக்கிறது. பிறப்பு எடையிலும் ஒரு சிக்கல். உ.பி.யில் வீட்டில் பிறந்த குழந்தைகள் பலருக்கு எடையே இல்லை. எடை இல்லாதவர்களை நீக்கிவிடலாமா?

---

எண்ணும்_எழுத்தும்

நீக்கினால் ஏழைகளையும், பிறந்த உடனே இறந்த குழந்தைகளையும் சேர்த்து நீக்குவீர்கள். எடை தெரியாது என்பதைத் தனிப் பிரிவாக வைத்துப் பாருங்கள். "பிறந்தபோது குழந்தை எப்படி இருந்தது, மிகச் சிறியதா, சிறியதா, சராசரியா" என்று தாயிடமே கேட்ட மாறி ஒன்றும் இருக்கிறது. அதையும் பயன்படுத்தலாம், ஆனால் குழந்தையைப் பறிகொடுத்த தாய் திரும்பிப் பார்க்கும்போது அது சிறியதாகத் தோன்ற வாய்ப்பு அதிகம். முதல் மாடலில் எடை வேண்டாம், இரண்டாவதில் மட்டும் சேருங்கள்.

கழிப்பறைக்கு: உங்கள் வீட்டில் கழிப்பறை இருந்து, பக்கத்து வீட்டார் எல்லோரும் வயலுக்குப் போனால் உங்கள் குழந்தைக்கு என்ன பாதுகாப்பு? ஈயும் கிணறும் வேலி பார்ப்பதில்லை. இந்தியாவில் முஸ்லிம் குடும்பங்கள் சராசரியாக வசதி குறைந்தவர்களாக இருந்தும் குழந்தை இறப்பு இந்துக் குடும்பங்களைவிடக் குறைவாக இருந்தது நெடுநாள் புதிர். 2018இல் ஜெருசோ, டீன் ஸ்பியர்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் அதற்கு அக்கம்பக்கத்தாரின் கழிப்பறைப் பழக்கத்தைக் காரணமாகக் காட்டினார்கள். ஆகவே வீட்டுக் கழிப்பறை என்ற மாறியோடு, அதே மாதிரித் தொகுதியில் (ஆய்வுக்காகத் தேர்ந்த அதே ஊர் அல்லது பகுதியில்) எத்தனை விழுக்காடு வீடுகள் திறந்தவெளிக்குப் போகின்றன என்பதையும் கணக்கிட்டுச் சேருங்கள். அந்த வீட்டைச் சேர்க்காமல் மற்ற வீடுகளை மட்டும் வைத்துக் கணக்கிட வேண்டும்.

---

நர்சம்மா_தர்மபுரி

சுபா, பெண் குழந்தையை மறக்காதே. மொத்தமாக ஆண், பெண் என்று போட்டால் ஒன்றும் தெரியாது. முதல் பெண்ணை நன்றாகத்தான் வளர்ப்பார்கள். மூத்தது பெண்ணாக இருந்து அடுத்ததும் பெண்ணாகப் பிறந்தால் தனியாகப் பார்.

---

எண்ணும்_எழுத்தும்

நர்சம்மா சொல்வதைத்தான் மோனிகா தாஸ் குப்தாவும் 1987இல் பஞ்சாபை வைத்து எழுதினார். அக்கா உயிரோடு இருக்கும் பெண் குழந்தைக்கே ஆபத்து கூடுதல். பிறப்பு வரலாற்றுக் கோப்பில் உடன்பிறந்தோர் வரிசை முழுதாக இருக்கும், அதிலிருந்து இந்த மாறியை உருவாக்கலாம். குழந்தைகள் கோப்பில் ஐந்தாண்டுப் பிறப்புகள் மட்டும்தான், அது போதாது. தரவு இறக்கும்போது பிறப்பு வரலாற்றுக் கோப்பையும் சேர்த்து எடுத்துவிடுங்கள்.